தோற்க வேண்டிய ஆட்டம்

லெஸ்கானோ பாலத்துக்கு அந்தப் பக்கம் முடி வெட்டிக்கொள்கிறான் என்பதை முதலில் வெளியே சொன்னவன் நான்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எனக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் தொழில். ஒரு வியாழக்கிழமை, புவென்தே பேட்டையில் ஒரு கறிக்கடையின் குளிர்பெட்டியைச் சரிசெய்துவிட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது ஒரு சலூனின் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் அணியின் ஐந்தாம் எண் ஆட்டக்காரன் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தான். சலூன்காரர் ஏதோ சொன்னார். இவன் சிரித்தான். விளக்கு பச்சையானதும் நான் வண்டியை எடுத்துவிட்டேன். பார்த்தது அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஊரில் அது போதும். புவெனஸ் அயர்ஸின் தெற்குப் புறநகரில் ஒரு சாக்கடை ஓடை, அதன்மேல் ஒரு பாலம். இந்தப் பக்கம் நாங்கள், சான் ரோக்கே கால்பந்து கிளப், சிவப்பும் கறுப்பும். அந்தப் பக்கம் புவென்தே கிளப், பச்சை. புவென்தே என்றால் பாலம், அதனால் எங்களுக்கு அவர்கள் பாலத்தார். இரண்டும் மூன்றாம் டிவிஷனில் எண்பது வருடமாக முட்டிக்கொண்டு கிடக்கின்றன. என் மாமனார் சாகும்வரை வீட்டில் கீரை வாங்க விட்டதில்லை, நிறம் பிடிக்காது என்று.

கிளப் கேன்டீனில் ஜன்னலோர மேசை எங்களுடையது. நான், தீத்தோ, தெலியா. தீத்தோ முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, எல்லோரும் தன் பாதையில் குறுக்கே வருவதாகவே அவனுக்குத் தோன்றும். தெலியா மருந்துக்கடை வைத்திருப்பவள், கிளப்பின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். டாக்டர் கிறுக்கியதையே படிக்கத் தெரிந்தவள் அவள், ஆளைப் படிக்கத் தெரியாதா என்று தீத்தோ சொல்வான்.

அந்த வருடம் எங்களுக்குப் பேசத் தீனி நிறைய இருந்தது. சீசன் பாதியில் கிளப் தலைவர் பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டு பெல்லினி என்பவரைக் கொண்டுவந்தார். பெல்லினி வரும்போதே ஐந்து புது ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோல்கீப்பர் பந்து வந்தால் சாமி கும்பிடுவது போலக் கையை விரிப்பான். இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் நன்றாக ஓடுவான், ஆனால் எங்கே போய்ச் சேர்வது என்று பார்க்கிறவர்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஐந்து பேரில் மூன்று பேருக்கு ஒரே ஏஜென்ட் என்று தெலியா கண்டுபிடித்துச் சொன்னாள். பெல்லினி பதினாறு வயதில் இரண்டு வருடம் புவென்தேயில் ஆடியவர் என்று தீத்தோ எங்கிருந்தோ ஒரு பழைய குழுப் புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். பின்வரிசையில் மூன்றாவதாக நிற்கும் மெலிந்த பையன்தான் பெல்லினி என்றான். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனால் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த மேசையில் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்தால் நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஐந்து பேரில் ஒருவன் மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஆடினான். அவன்தான் லெஸ்கானோ. இருபத்துநாலு வயது, வடக்கே கொரியெந்தேஸ் மாகாணத்திலிருந்து வந்தவன், நடுக்களத்தில் பந்தைப் பறித்துக் கொடுக்கிற வேலை. குறை சொல்ல முடியாததே தெலியாவுக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

"இவ்ளோ நல்லா ஆடுறவன் நம்மகிட்ட எதுக்கு வந்தான்?" என்று ஒருநாள் கேட்டாள். மூன்று பேரும் யோசித்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சலூன் விஷயத்தைச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். தீத்தோ கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான்.

"எந்த சலூன்?"

மூலைச் சலூன் என்றேன்.

"அது பாலத்தாரோட ரசிகர் டிரம் குழுத் தலைவன் கடை, ஒல்லி. அவன்கிட்ட கழுத்தக் கொடுத்துட்டு உக்காந்திருக்கான்." என்னை அவன் ஒல்லி என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அது பரவிவிட்டது. பரவும்போது வளர்ந்தது. லெஸ்கானோ அந்தப் பேட்டையில்தான் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான் என்பது தெரிய வந்தது. அங்கே வாடகை குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு நவம்பர் வந்தது. கடைசி வாரத்துக் கணக்கு எப்படி விழுந்தது என்றால், புவென்தே தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு முதலிடத்தில் இருந்தது. இரண்டு புள்ளி பின்னால் எஸ்பெரான்சா என்ற அணி. எஸ்பெரான்சாவுக்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அது எங்களோடு, எங்கள் மைதானத்தில். எஸ்பெரான்சா ஜெயித்தால் மூன்று புள்ளி, இரண்டாம் டிவிஷனுக்கு ஏறுவது அவர்கள். ஆட்டம் சமனானாலே போதும், ஏறுவது புவென்தே. நாங்கள் நடுப்பட்டியலில், ஏறவும் வழியில்லை, இறங்கவும் ஆபத்தில்லை.

அதாவது புவென்தே மேலே போவதும் போகாததும் எங்கள் பதினோரு பேரின் காலில் இருந்தது. நாங்கள் தோற்க வேண்டும். எங்கள் ஊரில் இதில் இரண்டாவது கருத்தே இல்லை. பாதிரியார்கூட, விளையாட்டில் பணிவும் ஒரு நற்குணம் என்றார். பயிற்சி மைதானத்தின் வேலியில் யாரோ ஒரு படுக்கை விரிப்பில் எழுதிக் கட்டியிருந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை தோற்றால் மறந்துவிடுவோம், ஜெயித்தால் ஞாபகம் வைத்திருப்போம்.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் மூவரும் பெல்லினியைப் பார்க்கப் போனோம். மிரட்ட இல்லை, பேசத்தான் என்று தெலியா போகும் வழியில் இரண்டு முறை சொன்னாள். பெல்லினி எங்களை உட்காரச் சொல்லி மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர் கலந்து கொடுத்தார். ஒரே குழலில் நால்வரும் மாறி மாறி உறிஞ்சினோம். தெலியா நாசூக்காகத் தொடங்கினாள். சிறுவர்கள் பிரிவிலிருந்து சிலருக்கு வாய்ப்புக் கொடுக்கலாமே, பெரியவர்கள் களைத்திருப்பார்களே என்றாள். பெல்லினி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "நான் பதினோரு பேர இறக்குவேன். அவங்க கால நான் கட்ட மாட்டேன், அவிழ்த்தும் விட மாட்டேன்" என்றார்.

வெளியே வந்ததும் தீத்தோ அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். தோற்போம் என்று சொல்லவில்லை. ஜெயிப்போம் என்றும் சொல்லவில்லை. ஜெயிக்க நினைக்கிறவன்தான் இப்படிப் பேசுவான் என்று முடிவு கட்டினான். பெல்லினி தோற்போம் என்று சொல்லியிருந்தால், ஏமாற்றுகிறான் என்றிருப்பான்.

புதன்கிழமை என் கடைக்கு ஒரு பெண்மணி போன் செய்தாள். வாடகைக்கு விட்டிருக்கும் அறையில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, கறிக்கடைக்காரர் உங்கள் எண்ணைக் கொடுத்தார் என்றாள். முகவரி பாலத்துக்கு அந்தப் பக்கம். போனேன். கதவைத் திறந்தவன் லெஸ்கானோ.

என்னைப் பார்த்ததும் அவன் தடுமாறவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "நீங்க ஜன்னலோர மேசையில உக்காருவீங்கல்ல, தோன்?" என்றான். தோன் என்பது பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடுகிற வார்த்தை. அன்செல்மோ என்ற என் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எதற்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஏதாவது வலையா என்று நினைத்தபடியே உள்ளே போனேன். ஆனால் ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே கெட்டிருந்தது. ரிலே எரிந்துபோயிருந்தது.

வேலை செய்துகொண்டே அறையை அளந்தேன். ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, துவைத்துக் காயப்போட்ட காலுறைகள். சுவரில் பச்சை நிறத்தில் புவென்தே கிளப்பின் காலண்டர். என் மனம் துள்ளியது என்றே சொல்ல வேண்டும். தேடிப்போனது கிடைத்துவிட்டது. நான் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். வீட்டுக்கார அம்மாவுடையது, கழற்றினால் சுவரில் ஓட்டை தெரியும் என்று விட்டு வைத்திருக்கிறேன் என்றான். கொஞ்சம் தூக்கிக் காட்டினான். ஓட்டை இருந்தது.

ஃப்ரிட்ஜுக்குள் அரைப் பூசணிக்காய், ஒரு துண்டு பாலாடைக்கட்டி, காகிதத்தில் சுற்றிய இறைச்சி நிறைய. ஒரு ஆளுக்கு அது அதிகம்.

"கறி ஜாஸ்தியா இருக்கே" என்றேன்.

"கறிக்கடைக்காரர் கூட வச்சுக் கொடுக்குறாரு. ஞாயித்துக்கிழமை நல்லா ஆடு தம்பின்னு சொல்லிக் கொடுக்குறாரு. அங்க வந்தா உங்காளுங்க தோத்துருன்றாங்க. இங்க இருக்கவன் எல்லாம் எனக்குச் சோறு போடுறான், அங்க இருக்கவன் எல்லாம் எனக்குப் புத்தி சொல்றான்."

"நீ என்ன செய்யப்போற?" ஃப்ரிட்ஜின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் அம்மா கொரியெந்தேஸிலிருந்து பேருந்து ஏறுகிறாள் என்றான். ஓர் இரவு முழுக்கப் பயணம். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை, இதுவரை விடுப்பே எடுத்ததில்லை. மகன் அணியில் சேர்ந்து ஆடியதை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

"அவங்க முன்னாடி பந்த விட்டுட்டு நிக்கச் சொல்றீங்களா, தோன்? எனக்கு அப்படி ஆடத் தெரியாது. நிஜமாவே தெரியாது. முயற்சி பண்ணா கால் தடுக்கி விழுந்துருவேன்."

பிறகு ஓர் உதவி கேட்டான். அம்மாவுக்கு இங்கே யாரையும் தெரியாது, கேலரியில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள முடியுமா என்றான். சரி என்றேன். பாவம் என்று நினைத்துச் சொன்னேனா, பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் ஏதாவது பிடுங்கலாம் என்று நினைத்துச் சொன்னேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அன்று மதியமே மேசையில் பச்சைக் காலண்டரைச் சொன்னேன். கறிக்கடைக்காரர் கூடுதலாகக் கொடுத்த இறைச்சியைச் சொன்னேன். சுவரில் இருந்த ஓட்டையைச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெலியா என் கையைத் தட்டிக்கொடுத்தாள். தீத்தோ எனக்கு ஒரு கிளாஸ் வெர்மூத் மது வாங்கித் தந்தான். அவன் யாருக்கும் எதுவும் வாங்கித் தருகிற ஆளில்லை. அந்த வெர்மூத் நன்றாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. எங்கள் டிவிஷனில் வெளியூர் ரசிகர்களை உள்ளே விடுவதில்லை. அதனால் மைதானத்தில் இருந்த நாலாயிரம் பேரும் எங்கள் ஆட்கள், நாலாயிரம் பேரும் எதிரணி ஜெயிக்க வேண்டும் என்று வந்தவர்கள். தீத்தோவிடம் முதுகு வலி, நிழல் பக்கம் உட்காரப்போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு எதிர்க் கேலரிக்குப் போனேன். லெஸ்கானோவின் அம்மா அங்கே காத்திருந்தாள். பெயர் எர்மிந்தா. குட்டையான பெண்மணி. பூசைக்குப் போவதற்கு உடுத்துவது போல உடுத்தியிருந்தாள். கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் அவளிடம், உங்கள் மகனுக்கு இந்த ஊரில் நண்பர்கள் யார், எந்தக் கிளப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். சின்ன வயதில் அவனுக்கு எந்தக் கிளப்பும் இல்லை, பந்துதான் பிடிக்கும் என்றாள்.

இருபதாவது நிமிடத்தில் எஸ்பெரான்சாவின் ஒருவன் தூரத்திலிருந்து சுமாராக ஓர் உதை உதைத்தான். எங்கள் கோல்கீப்பர் வழக்கம் போலக் கையை விரித்தான். பந்து உள்ளே போனது. இந்த முறை வேண்டுமென்றா இயல்பாகவா என்று யாராலும் சொல்ல முடியாது. கேலரி எழுந்து கை தட்டியது.

எர்மிந்தாவும் எழுந்து தட்டினாள். "நம்ம கோலா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா, அவங்களோடது."

"அப்ப ஏன் தட்டுறாங்க?"

"நல்ல கோல் யார் போட்டாலும் நாங்க தட்டுவோம்" என்றேன்.

"நல்ல ஜனங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாம் பாதியில் எங்கள் முன்வரிசை பந்தைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பின்னுதைக்கும் கேலரி ஆரவாரம் செய்தது. லெஸ்கானோ ஒருவன்தான் ஆடிக்கொண்டிருந்தான். வாய் திறக்காமல், யாரையும் பார்க்காமல், இருக்கிற பந்தையெல்லாம் பறித்தான். பறித்த பந்தை யாருக்குக் கொடுத்தாலும் அது திரும்பி அவனிடமே வந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு விசிலடித்தார்கள். எழுபதாவது நிமிடம் தாண்டியதும் திட்டத் தொடங்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் போ என்று ஒரு பகுதி பாட, இன்னொரு பகுதி சலூன்காரர் பெயரைச் சேர்த்துப் பாடியது. அந்தப் பாட்டின் முதல் வரியை ஊருக்குக் கொடுத்தவன் நான். எர்மிந்தாவின் பக்கம் திரும்பாமல் முன்னால் இருந்தவன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்துமூன்றாவது நிமிடம். எஸ்பெரான்சாவின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், நாங்கள்தான் எதிர்க்கவில்லையே என்ற மெத்தனத்தில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். லெஸ்கானோ பறித்தான். கொடுக்க முன்னால் ஆளில்லை. நாலைந்து எட்டு ஓடி, இருபத்தைந்து மீட்டரிலிருந்து உதைத்தான். மேல்கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே விழுந்தது.

நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் மௌனமானதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பந்து வலையிலிருந்து உருண்டு வந்து நின்றது. எங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவரும் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. அந்த மௌனத்தில் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில். எதிர்க் கேலரியிலிருந்தும் தலைகள் திரும்பின. லெஸ்கானோவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் பக்கம் பார்த்தான் என்று நினைக்கிறேன். கையைத் தூக்கவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டிவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்தான்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை எழுத வேண்டாம். எலுமிச்சம்பழம், தண்ணீர் பாட்டில், ஒரு செருப்பு எல்லாம் விழுந்தன. ஆட்டம் ஒன்றுக்கொன்றாக முடிந்தது. முடிந்த மறுநிமிடமே ஓடைக்கு அந்தப் பக்கம் வெடி வெடிக்க ஆரம்பித்தது.

எர்மிந்தா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு இவ்ளோ கோவம்?" என்றாள்.

நடுவரைத் திட்டுகிறார்கள் என்றேன்.

அவள் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். "நாலு பிள்ளை பெத்தவ நான். ஊரு யாரைத் திட்டுதுன்னு எனக்குத் தெரியும், ஐயா" என்றாள்.

பின்வாசலில் அவள் மகன் வரும்வரை கூடவே நின்றேன். போலீஸ்காரர் இருவருக்கு நடுவில் வந்தான். அவன் நெற்றியில் ஏதோ பட்டுச் சிவந்திருந்தது. அம்மா கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அதைத் துடைத்தாள். அவன் என்னிடம் நன்றி என்று சொல்லும்போதுதான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் தீத்தோ நிற்பதைக் கவனித்தேன். அவன் கையசைக்கவில்லை. பேருந்து ஓட்டும்போது நிறுத்தத்தில் நிற்காமல் போகிறவனைப் போல எங்களைக் கடந்து போனான்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு நிர்வாகக் குழு கூடியது. உறுப்பினர்கள் யாரும் வரலாம் என்பதால் கேன்டீன் நிரம்பி வழிந்தது. தெலியா ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தாள். பெல்லினி புவென்தேயில் ஆடிய வருடங்கள். ஒரே ஏஜென்ட். அறை. சலூன். காலண்டர். இறைச்சி. தனித்தனியாகக் கேட்டபோது சிரிப்பாக இருந்தவை அவள் குரலில் வரிசையாக வந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. கடைசியில் அவள், "காலண்டரையும் இறைச்சியையும் நேர்ல பாத்தவர் நம்ம அன்செல்மோ" என்று என்னைக் காட்டினாள்.

எழுந்து நின்றேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம், ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கைக்குட்டை கண்முன் வந்துவிட்டது. காலண்டர் வீட்டுக்காரம்மாவுடையது என்றேன். பின்னால் ஓட்டை இருக்கிறது என்றேன். முடி எங்கே வெட்டினாலும் முடிதான் என்றேன். அவன் அம்மா வந்திருந்ததையும், அவனுக்குத் தோற்கத் தெரியாது என்று அவன் சொன்னதையும் சொன்னேன். இதெல்லாம் எனக்கு ஆட்டத்துக்கு நாலு நாள் முன்பே தெரியும், வேண்டுமென்றேதான் பாதியைச் சொன்னேன் என்றும் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தீத்தோ மெதுவாகக் கேட்டான்.

"எவ்ளோ நாளா, ஒல்லி?"

"என்ன எவ்ளோ நாளா?"

"நீ அந்தப் பக்கம் போய் வர்றது. கறிக்கடை, ஃப்ரிட்ஜ், இப்ப அவன் அம்மா. முதுகு வலின்னு எங்கிட்ட சொன்னே. எனக்கு உன் முதுகு தெரியும்."

தெலியா என்னைப் பார்க்கவேயில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்தாள். என்ன குறித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

பெல்லினியை அனுப்பிவிட்டார்கள். லெஸ்கானோவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவானது. பத்து கை உயர்ந்தது, பத்தும் அவன் போக வேண்டும் என்று. எனக்கு ஓட்டு இல்லை. அடுத்த நாள் ஜன்னலோர மேசைக்குப் போனபோது என் நாற்காலியில் தீத்தோவின் கோட்டு கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாடிக்கையாளர்களும் குறைந்தார்கள். இருபது வருடமாக என்னிடம் வந்தவர்கள் ஃப்ரிட்ஜை வேறு ஆளிடம் காட்டினார்கள். பாலத்தாரின் ஆளை எப்படிச் சமையலறைக்குள் விடுவது.

ஆனாலும் அந்த இரண்டு மாதம் நான் நிம்மதியாகவே இருந்தேன். உண்மையைச் சொன்ன ஆள் நான் ஒருவன்தான் என்ற எண்ணம் துணைக்கு இருந்தது. தனியாக இருக்கிறவனுக்கு அது நல்ல துணை.

ஜனவரி கடைசியில் புவென்தே தன் புது ஆட்டக்காரர்களை அறிவித்தது. ஏழு பேர். நாலாவது பெயர் லெஸ்கானோ.

அன்று காலையிலிருந்து என் கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு ஸ்க்ரூ வேண்டும். ஒருவருக்கு நேரம் தெரிய வேண்டும். எல்லோரும் அந்தப் பெயரை என்னிடம் சொல்லிவிட்டு, என் முகம் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். தெலியா வரவில்லை. அவளுடைய கடைப் பெண் வந்தாள். தீத்தோ தெருவில் நின்று கேட்டான், "முதல்லயே பேசி முடிச்சிருப்பாங்க, இல்ல?" என்று. முன்னொரு காலத்தில் என்னோடு பேசிய அதே குரலில் கேட்டான். நான் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் புழு உள்ளே போய்விட்டது. அன்றிரவு தூக்கமில்லை. அறைக் கதவைத் திறந்தபோது அவன் தடுமாறாமல் நின்றது, அவனுக்கு என் பெயர் தெரிந்திருந்தது, காலண்டரைத் தூக்கி ஓட்டையைக் காட்ட அவ்வளவு அவசரப்பட்டது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. இத்தனை பேர் இருக்க அவன் அம்மாவை ஏன் என் பக்கத்தில் உட்கார வைத்தான்? ஊரில் ஒருவனாவது தனக்காகப் பேச வேண்டும் என்று கணக்குப் போட்டானா? தெலியாவின் தாளை நான் தனியாக, தாளே இல்லாமல், அவளைவிட நன்றாக எழுதிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அவனைப் பார்த்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரொட்டிக்கடையில். குளிர்பெட்டி வேலைக்குப் போயிருந்தேன், இப்போது எனக்கு அந்தப் பக்கத்து வேலைதான் அதிகம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தான். பச்சை நிறப் பயிற்சிச் சட்டை. என்னைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அம்மா அடிக்கடி விசாரிக்கிறாள், அந்த ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாள் என்றான். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அதோடு விட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றேன். "அந்த ஆட்டத்துக்கு முன்னாடியே இவங்க உங்கிட்ட பேசிட்டாங்களா?"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் போகச் சற்று நேரம் ஆனது.

"உங்க ஆளுங்க என்னை அனுப்புன பிறகு இருபது நாள் போனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், தோன். ஒரு போன்தான் வந்துச்சு, இவங்ககிட்டருந்து."

"நான் கேட்டது அது இல்ல."

"தெரியும்" என்றான். ரொட்டியை வாங்கிக்கொண்டான். கடைப் பெண்ணிடம் நன்றி சொன்னான். என்னைத் தாண்டும்போது என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே போனான். கோபமாகத் தொட்டதாகத் தெரியவில்லை.

அவன் புவென்தேயில் பதினொரு ஆட்டம் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். பிறகு முழங்கால் போய், ஊருக்குத் திரும்பிவிட்டான். செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டான், இனி அவர்களுக்கு அவன் எதற்கு என்று தெலியா சொன்னாளாம். என் மனைவி என்னிடம், அவன் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்றேன். அவள் சிரித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.